மழைத் தண்ணீர் குடித்த பாட்டரிகள்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. எட்டு வருஷம் அங்கே நான்கு பாட்டரிகள் இருந்தன. மொட்டை மாடியில் சோலார் தகடுகள் பகலெல்லாம் வாங்குகிற வெயிலை இவை பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது அந்த இடத்தில் சுவரில் மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. லித்தியம். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், முனைகளைச் சுரண்ட வேண்டாம், வாஸ்லின் தடவ வேண்டாம். எதுவுமே வேண்டாம். அதன் மேல் எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கலும் அதுதான்.

நான் வேலை பார்த்ததே பாட்டரி அறையில்தான். ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் என் உத்தியோகம். ஒரு ஹால் முழுக்க வரிசையாக லெட் ஆசிட் செல்கள் இருக்கும். வெளியே கரண்ட் போனால் உள்ளே ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டக் கூடாது, அவ்வளவுதான் வேலை. தினமும் ஒவ்வொரு செல்லாகத் திறந்து, ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். செல் சார்ஜ் ஆகியிருந்தால் மிதவை மேலே நிற்கும். சோர்ந்திருந்தால் இறங்கும். டாக்டர் நாடி பிடிப்பது மாதிரிதான். என் பேன்ட்களில் ஆசிட் பட்டு ஓட்டை விழாதது ஒன்றுகூடக் கிடையாது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கத்துவேன்.

மழைத் தண்ணீர் விஷயம் திருக்கழுக்குன்றத்தில் தொடங்கியது. அப்போது மலையடிவாரத்தில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கரண்ட் கட் தலைவிரித்து ஆடிய வருஷங்கள் அவை. சாயங்காலம் ஊரே இருட்டில் கிடக்க, மலைமேல் கோயில் விளக்கு மட்டும் தனியாகத் தெரியும். பையன் ப்ளஸ் டூ. அவன் படிப்புக்காக ஒரு இன்வெர்ட்டரும் ஒரு பாட்டரியும் வாங்கினேன். ஊரில் எல்லோரும் அதையே செய்ததால் கடைகளில் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோயிற்று. பாட்டரிக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளைத் தின்றுவிடும்.

"மழைத் தண்ணி பிடிச்சுத் தர்றேன், ஆகுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

அவள் திண்டுக்கல் பக்கத்துக்காரி. அவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாதாம். அதனால் மழை வந்தால் அண்டாவை வெளியே வைத்து, வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிடுவார்களாம். கல்லின் கனத்தில் துணி குழிந்து, மழையெல்லாம் அந்த ஒரு இடத்தில் வடிகட்டி இறங்கும். முதல் மழையைப் பிடிக்கக் கூடாது, தூசியைக் கழுவிக்கொண்டு வரும். இரண்டாவது மழைதான் சுத்தம். அவள் அப்படிப் பிடித்துத் தந்ததை நான் ஒரு பாட்டிலில் வேலைக்கு எடுத்துப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். உப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

"உன் தண்ணி டிஸ்டில்டு வாட்டருக்கு அண்ணன்" என்று வந்து சொன்னேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் அவளைப் பாராட்டிய சந்தர்ப்பங்கள் அதிகமில்லை. இதை அவள் யாரிடமெல்லாமோ சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஓய்வு பெறுகிற சமயத்தில் சதுரங்கப்பட்டினத்தில் இடம் வாங்கி வீடு கட்டினோம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டே தெரு. வாழ்நாளெல்லாம் பாட்டரியோடு இருந்தவன் சும்மா இருப்பானா? மாடியில் தகடுகள், படிக்குக் கீழே நான்கு பாட்டரிகள். ஒரு பாட்டரிக்கு ஆறு செல், ஆக இருபத்து நான்கு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை டிபன் ஆனதும் எங்கள் சடங்கு ஆரம்பிக்கும். நான் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்வேன். அவள் இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள். நான் ஹைட்ரோமீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்ல, போன மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் பென்சிலால் எழுதுவாள். தண்ணீர் குறைந்த செல்லுக்குப் புனல் வைத்து மழைத் தண்ணீரை ஊற்றுவேன். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் அரை மணியில் முடித்துவிடலாம். நாங்கள் அவசரப்பட்டதே இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் பேசுவாள். மற்ற நாட்களில் எங்கள் பேச்சு "காபி ஆறுது", "கேஸ் தீர்ந்துடுச்சு" என்ற அளவில்தான். படிக்குக் கீழே வேறு மாதிரி. சின்ன வயதில் ஸ்கூலை நிறுத்தியபோது புத்தகப் பையை யாருக்குக் கொடுத்தாள் என்பதை அங்கேதான் சொன்னாள். தன் அம்மாவின் கடைசி நாட்களில் நான் போகவிடாமல் தடுத்தது இன்னும் ஆறவில்லை என்பதையும் அங்கேதான் சொன்னாள். பையன் வேறு சாதியில் ஒரு பெண்ணை விரும்புகிறான் என்ற செய்தி மூன்றாவது பாட்டரியின் நான்காவது செல்லில் எனக்கு வந்து சேர்ந்தது. ஹைட்ரோமீட்டர் நிறைய ஆசிட் உறிஞ்சிப் பிடித்திருந்தேன். கை நடுங்கினால் மடியில் கொட்டும். மெதுவாக அதைச் செல்லுக்குள் விட்டு, மூடியைத் திருகி, அடுத்த செல்லைத் திறப்பதற்குள் கோபம் பாதி வடிந்துவிட்டது. இருபத்து நான்காவது செல்லுக்கு வரும்போது, "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று நானே கேட்டேன்.

அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போன அந்தப் பையன்தான் பின்னாளில் லித்தியம் பேச்சை எடுத்தான். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு லீவு நாளில் வந்தவன், படிக்குக் கீழே எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"அப்பா, இதெல்லாம் எடுத்துட்டு லித்தியம் போட்டுடலாம்பா. தண்ணி ஊத்தற வேலையே இல்லை. ஆசிட் வாடை இல்லை. அம்மாவுக்கு வேற வீசிங். இதுல பாதிக்கு மேல கரண்ட் இழுத்தா பாட்டரி கெட்டுடும், அதுல முக்காலுக்கு மேலயே எடுக்கலாம். வருஷமும் கூட உழைக்கும்."

"பாட்டரியைப் பத்தி எனக்கே கிளாஸ் எடுக்கறியா?" என்றேன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல். ஆனால் என் பக்கமும் நியாயம் இருந்தது. லெட் ஆசிட் சொல்லிவிட்டுச் சாகும். மாதா மாதம் எண் இறங்கும், வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், பார்த்து வைத்தியம் செய்யலாம். ஒரு பாட்டரி போனால் அதை மட்டும் மாற்றலாம், செத்ததைக் கடைக்காரன் வாங்கி உருக்கி மறுபடி பாட்டரி ஆக்குவான். லித்தியம் கடைசிவரை ஒரே முகத்தோடு இருந்துவிட்டுப் பட்டென்று நின்றுவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கவும் முடியாது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்களே, அந்த ஜாதி. இதையெல்லாம் நான் சொல்லவில்லை, கத்தினேன்.

அவள் அடுப்படியிலிருந்து, "இருந்துட்டுப் போகட்டும் விடுடா. அப்பாவுக்கு அதுதான் பழக்கம்" என்றாள். என் கட்சிக்கு ஒரு ஓட்டு கிடைத்த சந்தோஷத்தில், மூச்சுத் திணறுகிறவள் எதற்கு ஆசிட் பாட்டரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று எனக்கு யோசனை போகவில்லை.

வீசிங் அவளுக்குக் கடற்கரைக்கு வந்த பிறகுதான் அதிகமானது. மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட நெபுலைசர் வைக்க வேண்டிவரும். மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியாக உள்ளே அனுப்புகிற சின்ன மெஷின் அது. கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா.

கடைசி இரண்டு வருஷமாக மூன்றாவது பாட்டரியில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அவள் எழுதுவாள், நான் பார்ப்பேன். கூடுதலாகச் சார்ஜ் கொடுத்து எழுப்பிவிடலாம் என்பேன். கொஞ்சம் எழும், மறு மாதம் இன்னும் கீழே போகும். முப்பது வருஷ அனுபவம் இருக்கிறவனுக்குக் கவலை வராது. திமிர்தான் வரும்.

பிறகு அந்தப் புயல் வந்தது. எங்கள் கரைக்கு இது புதிதல்ல. கம்பங்கள் சாய்ந்தால் கரண்ட் வர நாலு நாள் ஆகும் என்பது தெரிந்த கணக்கு. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டேன். இரண்டு விளக்கு, நெபுலைசர், அவ்வளவுதான் என்றேன். வானம் கறுத்துக் கிடந்ததால் தகடுகளிலிருந்து ஒன்றும் வரவில்லை. "நாலு நாள் தாராளமாத் தாங்கும், நீ நிம்மதியா இரு" என்று அவளிடம் சொன்னேன்.

தாங்கியது ஒன்றரை நாள். இரண்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு இழுப்பு வந்தது. மாஸ்க்கை வைத்து மெஷினைப் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தியது. மெஷின் நின்றது. மாஸ்க்கில் புகை நின்றது. அவள் மாஸ்க்கை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பேச அவளுக்கு மூச்சு இல்லை.

ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு புதுப்பட்டினத்துக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு கிளினிக்கில் ஜெனரேட்டர் உண்டு. வழியெல்லாம் சவுக்கு மரங்கள் விழுந்து கிடந்தன. இறங்கித் தள்ளி, ஏறி ஓட்டி, மறுபடி இறங்கித் தள்ளினேன். அவள் என் முதுகில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தாள். விசில் மாதிரி அந்தச் சத்தம் என் முதுகுக்குள்ளேயே கேட்டது. நான் பயந்தேன். வேண்டாத சாமியில்லை. எத்தனையோ கட்டடங்களுக்கு விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவன், பெண்டாட்டிக்கு ஒரு சின்ன மெஷின் ஓட வழி செய்யவில்லையே என்று அந்த ரோட்டில் வாய்விட்டே சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம்.

கிளினிக்கில் மாஸ்க் வைத்துப் பத்து நிமிஷத்தில் அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. கரண்ட் வரும்வரை பையன் வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். எனக்கு இங்கே வேலை இருந்தது.

மூன்றாவது பாட்டரியைத் திறந்தேன். நான்காவது, ஐந்தாவது செல்கள் அடியோடு போயிருந்தன. மற்ற மூன்று பாட்டரிகளும் போகிற வழியில்தான் இருந்தன. நாலும் ஒரே மாதிரி அரிக்கப்பட்டால் அதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. குடிதண்ணீர் ஃபில்டரோடு வந்த ஒரு பேனா வீட்டில் கிடந்தது, தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவு காட்டும். அண்டாவில் மிச்சமிருந்த மழைத் தண்ணீரில் அதை முக்கினேன். காட்டிய எண்ணைப் பார்த்துப் பேனாதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரில் முக்கினால் சரியாகத்தான் காட்டியது. பிறகு ஏதோ தோன்றி, மாடிக் கொடியில் தொங்கிய அந்த வேட்டியின் ஒரு முனையை அதே டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்தேன். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் விளங்கியது. இந்த ஊரில் ஜன்னல் கம்பி ஒரு வருஷத்தில் துரு ஏறும். கொடியில் காய்கிற துணி எப்போதும் ஒரு பிசுபிசுப்போடுதான் இருக்கும். கடற்காற்று கொண்டுவந்து பூசுகிற உப்பு அது. முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழைக்கு நாங்கள் கட்டியது அந்த உப்பு வேட்டியைத்தான். வடிகட்டக் கட்டிய துணியே உப்பை இறக்கிவிட்டிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. மலையடிவாரத்தில் ஒரு தடவை சோதித்ததோடு சரி, இங்கே வந்து எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அந்தத் தண்ணீரைச் சோதிக்கவில்லை. கடலில்லாத ஊரில் பிறந்த இரண்டு பேர் செய்யக்கூடிய தப்பு இது.

அண்டாத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். அவளிடம், "வயசாயிடுச்சு, அதான் போயிடுச்சு" என்று சொன்னேன். நான் பாராட்டிய ஒரே விஷயம் அது. அதுதான் உன் மூச்சை நிறுத்தப் பார்த்தது என்று எந்த வாயால் சொல்வது? அவள் என்னைப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் வயசாகும்ல" என்றாள்.

திருப்போரூரில் நான் வழக்கமாகப் பாட்டரி வாங்குகிற கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். லெட் ஆசிட் பாட்டரியின் மூடியை ஒருமுறை திருகித் திறந்து, திருகி மூடினேன்.

"இன்னா சார், இன்னும் எத்தினி நாளைக்குத் தண்ணி ஊத்திகினு இருக்கப் போற? வூட்ல அம்மாவுக்கு மூச்சு பேஜாருன்னு சொல்றே. லித்தியத்த மாட்டு, கம்முனு படு."

"அது சொல்லாம கொள்ளாம நின்னுடுமே."

"உன்து மட்டும் இன்னா, சொல்ட்டா நின்னுச்சி? ரெண்டு வருசமா சொல்லிகினு இருந்திச்சி, நீதான் கேக்கல."

வேறு யார் சொல்லியிருந்தாலும் கத்தியிருப்பேன். லித்தியமே வாங்கினேன். இன்வெர்ட்டரை அதற்கு ஏற்றபடி அவரே மாற்றி வைத்தார். பழைய நான்கையும் வண்டியில் ஏற்றும்போது நான் வாசலுக்குப் போகவில்லை.

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது, குறை சொன்னால் வாய் அழுகிவிடும். காலை பத்தரைக்கெல்லாம் நிறைந்துவிடுகிறது. எவ்வளவு இருக்கிறது என்று போனிலேயே காட்டுகிறது. மழைநாளில் நெபுலைசர் ஓடுகிற சத்தம் கேட்டால் நான் பாட்டுக்குப் பேப்பர் படிக்கிறேன். ஆனால் மாற்றிய பிறகு வந்த முதல் ஞாயிறு, டிபன் ஆனதும் என் கால் தானாகப் படிக்குக் கீழே போயிற்று. அவளும் டார்ச்சோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. "சரி" என்றேன். அவள் அடுப்படிக்குப் போனாள், நான் டி.வி.க்குப் போனேன். பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் வரவில்லை. மாதங்கள் போயின. ஒரு செய்தியும் என் காதுக்கு வரவில்லை. மருமகள் முழுகாமல் இருப்பதுகூட எனக்குப் பையன் சொல்லித்தான் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்து இரண்டு மாதம் கழித்து.

இந்த வருஷ மழை ஐப்பசியில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாடிக்குப் போனேன். அண்டா வெளியே இருந்தது. அதன் வாயில் துணி இல்லை.

"துணி கட்டலையா?" என்றேன்.

"எதுக்கு? உப்பு இறங்கவா? பருப்பு வேக வைக்கத்தான்."

அவள் கொடிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இதைச் சொன்னாள். நான் அங்கேயே நின்றேன். மழை தூறிக்கொண்டுதான் இருந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். வேட்டியைப் பிழியும்போது முகத்துல தெறிச்சுது. உதட்டுல கரிச்சுது. அதுக்கப்புறம் அலசித்தான் கட்டினேன், ஆனா கொடியில காயறதுக்குள்ள மறுபடி ஏறிடுது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கத்துவீங்க. பாட்டரி போயிடும், பையன் சொன்னதை வாங்கிட்டு வந்துடுவீங்க." கயிற்றை ஆணியில் மாட்டினாள். "எண் இறங்கறதை நான்தானே எழுதினேன். இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு நெனச்சேன். அப்படி மூச்சு நிக்கும்னு நெனைக்கல."

"அந்தப் பாட்டரி மேல உனக்கென்ன அப்படி ஆசை?"

"பாட்டரி மேல என்ன ஆசை? கையில ஆசிட் இருந்தாத்தான் நான் சொல்றதை நீங்க கத்தாமக் கேப்பீங்க. முப்பது வருஷத்துல வேற எப்ப கேட்டிருக்கீங்க?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, நனையாதீங்க, உள்ளே வாங்க என்று கீழே போய்விட்டாள்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. டிபன் ஆனதும் இரண்டு ஸ்டூலையும் படிக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். அடுப்படிக்குப் போய்க் கூப்பிட்டேன். "அதுக்கு என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டு டார்ச்சைத் தேடினாள்.

"அதுக்கு ஒண்ணுமில்லை. நீ வா."

வந்து உட்கார்ந்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன்.

"சொல்லு" என்றேன்.